ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரு குரலும்: ரொமான்டிக் காலக் கலைப்பாடலுக்கு ஓர் அறிமுகம்

"ஆர்க்கெஸ்ட்ரா" என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திருவிழா மேடைதான். கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, மைக் பிடித்து இரண்டு மூன்று பாடகர்கள், விடிய விடிய சினிமாப் பாட்டு. "ரொமான்டிக்" என்றால் காதல். "மெலடி" என்றால் மெதுவாகப் போகும் இனிமையான பாட்டு. மூன்றுமே நாம் தினமும் புழங்கும் சொற்கள். ஐரோப்பிய இசையைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும், ஆனால் மூன்றுக்கும் அங்கே பொருள் வேறு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ரொமான்டிக் காலத்தில், ஒரு குரலுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதப்பட்ட பாடல் என்று ஒரு வகை இருக்கிறது. சிலர் இதை, பாடியே நடிக்கும் நாடகமான ஓபரா என்கிறார்கள். இன்னும் சிலர், ஒரு பாட்டுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்து "பேக்கிங்" வாசிக்கிறார்கள், அவ்வளவுதானே என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. இரண்டாவது தவறு என்னை அதிகம் உறுத்துகிறது. அத்தனை பேர் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கலையின் உயிரே இருக்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

ஆர்க்கெஸ்ட்ரா என்பது இங்கே ஒரு பெரிய வாத்தியக் குழு. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியங்கள் கூட்டமாக இருக்கும். அவற்றோடு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய ஊது வாத்தியங்கள், ஹார்ன் போன்ற பித்தளை வாத்தியங்கள், சில சமயம் விரலால் மீட்டும் பெரிய தந்தி வாத்தியமான ஹார்ப். யாருக்கும் மைக் கிடையாது. ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் இசையமைப்பாளர் முன்கூட்டியே தாளில் எழுதிவைத்திருப்பார்.

ரொமான்டிக் என்பது இங்கே ஒரு காலத்தின் பெயர். கிட்டத்தட்ட 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ் இலக்கிய விமர்சனத்தில் கற்பனாவாதம் என்கிறோமே, அதுதான். தனிமனிதனின் உள்ளம், இயற்கை, இரவு, மரணம், தூரத்து ஊர்கள், கனவு ஆகியவை கலையின் மையத்துக்கு வந்த காலம். காதலும் அதில் உண்டு, ஆனால் அது மட்டுமே இல்லை.

கலைப்பாடல் என்பது, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதையை எடுத்து ஒரு இசையமைப்பாளர் ஆக்கும் பாடல். ஜெர்மன்காரர்கள் இதை லீட் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மெலொதி என்பார்கள். நம்முடைய "மெலடி" அதே வேரிலிருந்து வந்த சொல்தான், ஆனால் பொருள் எங்கோ விலகிப் போய்விட்டது.

சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், கவிஞர் அதற்குள் சொற்களை உட்கார வைப்பார். கலைப்பாடலில் நேர்மாறு. கவிதை முதலில் புத்தகத்தில் கவிதையாகவே வாழ்ந்திருக்கும். இசையமைப்பாளர் அதன் வாசகராக வந்து, தான் வாசித்த விதத்தை இசையில் சொல்வார். ஓபராவிலிருந்து இது பிரியும் இடமும் இதுதான். ஓபராவில் பாடுபவர் ஒரு பாத்திரம். உடை, மேடை, கதை எல்லாம் உண்டு. கலைப்பாடலில் பாடகி தன் சாதாரணக் கச்சேரி உடையில் நிற்பார். கதையில் முன்னும் பின்னும் எதுவும் இல்லை. நான்கைந்து நிமிடம் ஒரு கவிதை, அப்புறம் அமைதி.

பியானோ காட்டிய வழி

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வருவதற்கு முன் பியானோவைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பாடல்கள் பிறந்த இடம் அதுதான்.

வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1797-ல் பிறந்து 1828-ல் இறந்தார். முப்பத்தொரு வயதுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். பதினேழு வயதில், 1814-ல், ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய ஃபாவுஸ்ட் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பாடலாக்கினார். கிரெட்சன் என்ற பெண் ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே, தன்னை விட்டுப் போனவனை நினைத்துப் புலம்புகிறாள்.

பியானோ வாசிப்பவரின் வலது கை சுழன்று சுழன்று ஒரே மாதிரி ஓடுகிறது. அதுதான் ராட்டை. இடது கையின் தாளம் அவள் கால் மிதிக்கும் மிதிகட்டை. பாட்டு போகப் போக அவள் மனம் கொதிக்க, ராட்டையும் வேகம் பிடிக்கிறது. அவன் கொடுத்த முத்தத்தின் நினைவு வரும் இடத்தில் பியானோ சட்டென்று நின்றுவிடுகிறது. கையும் காலும் மறந்துபோன நிலை. பிறகு ராட்டை ஒரு சுற்று சுற்றப் பார்த்து நிற்கிறது, மறுபடி முயல்கிறது, அப்புறம்தான் பழைய ஓட்டம் திரும்புகிறது.

"அவள் நூற்பதை நிறுத்தினாள்" என்று கவிதையில் எந்த வரியும் இல்லை. அதைச் சொன்னது பியானோ. கலைப்பாடலில் வாத்தியம் பாடகிக்குச் சுருதி பிடித்துக்கொடுக்க மட்டும் இல்லை. கவிதை சொல்லாமல் விட்டதைச் சொல்லும் இன்னொரு குரல் அது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கவிதை முதலில் வருகிறது, ஒரு குரல் அதைப் பாடுகிறது, வாத்தியம் அந்தக் கவிதையின் சொல்லப்படாத பாதியை ஏற்றுக்கொள்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா வந்த பிறகும் இந்த ஒப்பந்தம் மாறவில்லை.

வீட்டுக் கூடத்திலிருந்து அரங்குக்கு

ஷூபர்ட் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் வீட்டுக் கூடங்களில் நண்பர்களுக்கு நடுவே பாடப்பட்டவை. நூற்றாண்டு நகர நகர, இசை பெரிய அரங்குகளுக்குப் போனது. டிக்கெட் வாங்கி வரும் கூட்டம் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரியின் நடுவே ஒரு பாடகி வந்து பாட வேண்டும் என்றால், அதுவரை முழங்கிய குழு முழுவதையும் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பியானோவை மட்டும் வாசிப்பது பொருத்தமாக இருக்காது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸுக்கு இப்படி ஒரு தேவை வந்தது. பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியேவின் 1838-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றிலிருந்து ஆறு கவிதைகளை எடுத்து, பியானோவுடன் பாடும் பாடல்களாக 1841-ல் வெளியிட்டிருந்தார். தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் கோடை இரவுகள் என்று பொருள்படும் லே நுயி தேத்தே. 1843-ல் ஜெர்மனியில் கச்சேரிப் பயணம் போனபோது, உடன் வந்த பாடகி மரி ரேசியோவுக்காக அதில் ஒரு பாடலை மட்டும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். மற்ற ஐந்தையும் மாற்றி முடித்து முழுத் தொகுப்பும் வெளியானது 1856-ல்.

பெர்லியோஸுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கற்றது புல்லாங்குழலும் கிட்டாரும். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு வாத்தியமும் எந்தச் சுரத்தில் எப்படி ஒலிக்கும், எதோடு எது சேரும் என்று ஒரு பெரிய நூலே எழுதியவர். பியானோவுக்கு ஒரே நிறம்தான், ஆர்க்கெஸ்ட்ராவில் நிறங்கள் பல. அந்த நிறங்களிலேயே யோசிக்கக்கூடிய ஒருவரின் கைக்கு இந்த ஆறு பாடல்கள் மறுபடி வந்தது நல்லதாகப் போயிற்று.

மைக் இல்லாமல் எப்படிக் கேட்கிறது?

இது எல்லோரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும் கூட. நாற்பது ஐம்பது பேர் வாசிக்கும்போது, மைக் இல்லாத ஒரே ஒரு மனிதக் குரல் எப்படிக் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேருகிறது? "நல்ல சத்தமாகக் கத்துவார்கள்" என்பதுதான் வழக்கமான பதில். அது தவறு. கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னூறு பேர் பேசுகிறார்கள், நாற்காலிகள் இழுபடுகின்றன. எங்கோ ஒரு மூலையில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. அத்தனை இரைச்சலையும் தாண்டி அந்த அழுகை தனியாகக் காதில் விழுகிறது. முன்னூறு பேரைவிட அந்தக் குழந்தைக்குச் சத்தம் அதிகம் என்பதனால் இல்லை. அதன் ஒலியின் ஒரு பகுதி, கூட்டத்தின் இரைச்சல் அதிகம் இல்லாத உயரத்தில் இருக்கிறது. நம் காதும் அந்த உயரத்தில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும்.

பயிற்சி பெற்ற பாடகர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். எந்த ஒலியும் ஒற்றை அதிர்வாக இருப்பதில்லை. அடிப்படை அதிர்வும், அதற்கு மேலே அடுக்கடுக்காகப் பல மெல்லிய அதிர்வுகளும் சேர்ந்ததே ஒரு சுரம். ஆர்க்கெஸ்ட்ரா முழுதாக ஒலிக்கும்போது அதன் வலு நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிக் குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப் போக வலு குறைந்துகொண்டே வரும். பாடகரின் குரலில் 3000 அதிர்வுகளை ஒட்டி ஒரு தனி மேடு எழுகிறது. ஆர்க்கெஸ்ட்ரா ஒப்பீட்டளவில் பலவீனமாக இருக்கும் இடம் அது.

இந்த மேட்டுக்குப் பாடகர் ஃபார்மன்ட் என்று பெயர். ஃபார்மன்ட் என்றால், தொண்டையும் வாயும் ஒரு குழாய் போல இருந்து சில அதிர்வுகளை மட்டும் தூக்கிக் கொடுக்கும் இடம். குரல்வளையைச் சற்றே இறக்கி, அதற்கு மேலே உள்ள தொண்டைப் பகுதியை அகலமாக வைத்துக்கொள்ளும்போது, குரல்வளைக்கு நேர் மேலே உள்ள சின்ன இடுக்கு தனியொரு குழாயாக வேலை செய்யத் தொடங்குகிறது. அங்கேதான் அந்த 3000 பிறக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யொஹான் சுந்த்பெரி என்ற ஆய்வாளர் 1970-களில் இதை அளந்து விளக்கினார்.

ஆண் குரல்களிலும் தாழ்ந்த பெண் குரல்களிலும் இது தெளிவாகத் தெரியும். மிக உயரத்தில் பாடும் பெண்களுக்கு வழி வேறு. அவர்கள் பாடும் சுரமே 500-ஐத் தாண்டிவிடும். வாயைத் திறக்கும் அளவை அந்தச் சுரத்துக்கு ஏற்ப மாற்றி வலுக் கூட்டுவார்கள். அதற்கு ஒரு விலை உண்டு: அந்த உயரத்தில் உயிரெழுத்துகள் ஒன்றுபோலவே ஒலிக்க ஆரம்பிக்கும், சொற்கள் கரைந்துபோகும். கவிதைதான் முக்கியம் என்று நினைக்கும் இசையமைப்பாளர் பெரும்பாலான வரிகளைக் குரலின் நடுப்பகுதியிலேயே வைப்பார்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி இசையமைப்பாளரின் பேனாவில் இருக்கிறது. பாடகி பாடும்போது யார் யார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்கிறார். லே நுயி தேத்தேவின் வாத்தியப் பட்டியலைப் பாருங்கள்: தந்திகள், இரண்டு புல்லாங்குழல், ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு பசூன், மூன்று ஹார்ன், ஒரு ஹார்ப். உரக்க முழங்கும் பித்தளை வாத்தியங்களான டிரம்பெட் இல்லை, டிராம்போன் இல்லை, முரசும் இல்லை. மற்ற படைப்புகளில் பெரும் பெரும் குழுக்களைக் கூட்டி அரங்கை அதிர வைத்த அதே பெர்லியோஸ், இங்கே இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொண்டார். இந்த ஓபோ நம் நாதஸ்வரத்தின் தூரத்துச் சொந்தம். அதுவும் இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவதுதான், ஆனால் ஒலி மெலிந்து, சற்றே மூக்கால் பேசுவது போல இருக்கும்.

சுருக்கமாக: குரல் தனக்கென்று ஒரு உயரத்தில் இடம் பிடிக்கிறது, எழுதியவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறார். ஆர்க்கெஸ்ட்ரா பெரிதாக இருப்பது சத்தத்துக்காக இல்லை, தேர்ந்தெடுக்க நிறைய நிறங்கள் வேண்டும் என்பதற்காக.

ஒரு ரோஜாவின் ஆவி

இந்த ஆறில் இரண்டாவது பாடல், லே ஸ்பெக்த்ர் த லா ரோஸ். ரோஜாவின் ஆவி என்று சொல்லலாம். முதன்முதலில் இதை ஓர் இரவு ஹெட்போனில் கேட்டபோது, எப்போது முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பொங்கி வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அப்படிக் காத்திருந்ததால் பாட்டில் பாதி என் காதில் விழவே இல்லை. இரண்டாம் முறை கவிதையின் பொருளைத் தெரிந்துகொண்டு கேட்டேன். அது வேறு பாட்டாக இருந்தது.

ஓர் இளம்பெண் நடன விருந்துக்கு ஒரு ரோஜாவை நெஞ்சில் குத்திக்கொண்டு போனாள். திரும்பி வந்து உறங்குகிறாள். அன்றிரவே வாடி இறந்த ரோஜாவின் ஆவி அவள் கட்டிலருகே வந்து பேசுகிறது. என் சாவுக்குக் காரணம் நீதான், இனி இரவெல்லாம் உன் தலைமாட்டில் வந்து ஆடுவேன், ஆனால் பயப்படாதே, எனக்குப் பூசையும் வேண்டாம், பிரார்த்தனையும் வேண்டாம், இந்த மெல்லிய வாசனைதான் என் உயிர், நான் சொர்க்கத்திலிருந்து வருகிறேன் என்கிறது. என் விதியைப் பார்த்து யாரும் பொறாமைப்படலாம், உன் மார்பே எனக்குக் கல்லறை என்றும் சொல்கிறது. அந்தக் கல்லறையில் ஒரு கவிஞன் முத்தத்தால் எழுதிவைத்திருக்கிறானாம்: இங்கே உறங்குகிறது ஒரு ரோஜா, எல்லா அரசர்களும் இதைக் கண்டு பொறாமை கொள்வார்கள்.

பியானோ வடிவத்தை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றும்போது பெர்லியோஸ் ஸ்ருதியை இறக்கி, தாழ்ந்த பெண்குரலான கான்ட்ரால்டோவுக்கு இதைக் கொடுத்தார். தொடக்கத்தில் புதிதாக ஒரு முன்னிசையும் சேர்த்தார். ஒரே ஒரு செல்லோ அதில் பாடுகிறது, அதுவும் மியூட் போட்டு. மியூட் என்பது வாத்தியத்தின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு பலகையில் செருகும் ஒரு சின்னக் கிளிப், ஒலியின் பளபளப்பை எடுத்துவிட்டு முக்காட்டுக்குள்ளிருந்து வருவது போல ஆக்கும். பாடகி வாய் திறப்பதற்கு முன்பே அறை இருட்டாகிவிடுகிறது, யாரோ உறங்குகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கவிதையின் மூன்று பத்திகளும் ஏறக்குறைய ஒரே மெட்டின் சாயலில் தொடங்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் சொற்களுக்கு ஏற்ப வேறு பாதையில் போய்விடுகிறது. பல்லவி திரும்பி வருமென்று காத்திருந்தால் வராது. இரண்டாம் பத்தியில்தான் இசை மெல்ல ஏறத் தொடங்குகிறது. தந்திகள் ட்ரெமலோவில், அதாவது ஒரே சுரத்தில் வில்லை வேக வேகமாக முன்னும் பின்னும் இழுத்து, காற்றே நடுங்குவது போல ஒலிக்கின்றன. சொர்க்கத்திலிருந்து வருகிறேன் என்ற வரியை ஒட்டிக் குரல் உச்சிக்கு எழும்புகிறது. ஆறு பாடல்களிலும் இந்த ஒன்றில் மட்டும்தான் ஹார்ப் உண்டு, அதையும் இந்த இடத்துக்காகவே பெர்லியோஸ் சேமித்துவைத்திருந்தார். தொகுப்பு முழுவதும் அந்த ஹார்ப் வாசிப்பவர் இதற்காகத்தான் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். இதைவிடச் சிக்கனமான ஆடம்பரம் எனக்குத் தெரியாது.

கடைசி இரண்டு வரிகள் கல்லறை வாசகம். அந்த இடம் வரும்போது ஆர்க்கெஸ்ட்ரா கிட்டத்தட்ட முழுவதுமாக விலகிக்கொள்கிறது. பாடகி அதைப் பாடுகிறார் என்பதைவிட, தாழ்ந்த குரலில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார் என்றே சொல்லலாம். குனிந்து கல்லில் பொறித்ததைப் படிப்பது போல இருக்கிறது. இத்தனை வாத்தியங்களும் கூடி வந்தது, இந்த இடத்தில் இல்லாமல் போவதற்காகத்தான்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இதே பெயரில் 1911-ல் வந்த புகழ்பெற்ற பாலே நடனம் ஒன்று உண்டு, நிஜின்ஸ்கி ஆடியது. கருவும் இதே கவிதைதான். ஆனால் இசை இந்தப் பாடல் இல்லை, ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் பியானோவுக்கு எழுதிய ஒரு வால்ட்ஸ் நடன இசை. அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியவர் யார் என்றால், அதுவும் பெர்லியோஸ்தான். இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும்.

இன்னும் கேட்க வேண்டும் என்றால்

லே நுயி தேத்தேவுக்கு ரெஜின் கிரெஸ்பான் பாடி எர்னஸ்ட் அன்செர்மே நடத்தியதும், ஜேனட் பேக்கர் பாடி ஜான் பார்பிரோலி நடத்தியதும் 1960-களின் ஒலிப்பதிவுகள். கிரெஸ்பான் பேசுவது போலப் பாடுவார், பேக்கர் இன்னும் உள்ளே ஒடுங்கியவர். சொற்களுக்காக நான் கிரெஸ்பானையே முதலில் சொல்வேன். கவிதையின் பொருளை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள், அது இல்லாமல் பாதிதான் கிடைக்கும்.

ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் எப்போதும் இசையமைப்பாளரே எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வேசெண்டோங்க் பாடல்கள் ஐந்தில் ஒன்றைத்தான் அவரே சிறு குழுவுக்கு மாற்றினார், மற்றவற்றை மாற்றியவர் ஃபெலிக்ஸ் மோட்டில். இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் இந்த வகையை மிக நெருக்கமான இடத்துக்குக் கொண்டுபோனார். 1901-ல் ரூக்கெர்ட் என்ற கவிஞரின் வரிகளுக்கு அவர் எழுதிய ஒரு பாடலில், உலகத்தை விட்டு விலகிப்போன ஒருவர் தன் பாட்டுக்குள் மட்டுமே வாழ்கிறேன் என்கிறார். ஓபோவின் தடித்த குரல் அண்ணனான இங்கிலீஷ் ஹார்ன் அதைத் தொடங்கிவைக்கும்.

கடைசியாக ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ரொமான்டிக் காலம் முடிந்து, இரண்டு உலகப் போர்களும் முடிந்த பிறகு, 1948-ல் அந்தப் பழைய மொழியிலேயே நான்கு பாடல்கள் எழுதினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். 1950 மே மாதம் லண்டனில் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாட, அவை முதன்முறையாக அரங்கேறின. அதில் ஐகெண்டோர்ஃப் என்ற கவிஞர் எழுதிய அந்தி வேளை பற்றிய ஒரு கவிதை உண்டு. வாழ்நாளெல்லாம் கைகோத்து நடந்த இருவர் களைத்து நிற்கிறார்கள். இரண்டு வானம்பாடிகள் மட்டும் மேலே ஏறுகின்றன. இதுதான் சாவோ என்ற கேள்வியோடு கவிதை நின்றுவிடுகிறது, பாடகியும் அங்கே நிறுத்திவிடுகிறார். ஆர்க்கெஸ்ட்ரா நிறுத்துவதில்லை. ஸ்ட்ராஸ் தன் இளவயதில் மரணத்தைப் பற்றி எழுதிய ஒரு படைப்பின் சிறு மெட்டு ஹார்னில் தலைகாட்டுகிறது, மேலே வானம்பாடிகளின் நடுக்கம் கேட்கிறது. பாடகி மேடையின் முன்னால் அசையாமல் நின்று, நம்மைப் போலவே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.